எதிர்த்தரப்புக்கான நாற்காலி

அந்த மண்டபத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றவையெல்லாம் இரும்பு மடக்கு நாற்காலிகள். உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் உடுப்பின் ஒரு முனையைக் கவ்விக்கொள்ளும். மன்றத்தின் தலைவரே மடக்கு நாற்காலியில்தான் அமர்வார். இடுப்பு வலிக்காரர்கள் பலர், கூட்டம் நீள நீள, அந்தக் கை வைத்த நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்டதுண்டு. ஒருவரும் அதில் உட்கார்ந்ததில்லை. அது எதிர்த்தரப்புக்கானது.

சமநீதி அமைதி மன்றம் தொடங்கிய நாளிலேயே தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி அது. எவரைக் கண்டித்துக் கூட்டம் போடுகிறோமோ, அவருக்கு மேடையில் ஓர் இடம் வேண்டும். துண்டறிக்கையின் அடியில் அவருக்கும் அழைப்பு அச்சிட வேண்டும். அவர் வந்து அமர்ந்தால் கடைசிச் சொல் அவருடையது. அவர் பேசிய பின் எவரும் மறுமொழி சொல்லலாகாது; கூட்டம் அத்துடன் கலைய வேண்டும். அடக்குகிறவன் கையில் தடி இருக்கிறது, ஆள்கிறவன் கையில் ஆணை இருக்கிறது, நம் கையில் இருப்பது நேர்மை ஒன்றுதான், அதையும் அரைகுறையாக வைத்துக்கொள்வதா என்று கேட்டார்கள் மன்றத்தைத் தொடங்கியவர்கள். அழகான கேள்வி. அந்தக் காலத்தில் பெரும் கைதட்டலைப் பெற்ற கேள்வி.

துப்புரவுத் தொழிலாளரின் கூலிக்காகக் கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவரும் வந்து அந்த நாற்காலியில் அமரவில்லை. கடலுக்கு அப்பால் நடந்த போரைக் கண்டித்துக் கூட்டம் போட்டார்கள். போரை நடத்தியவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஒரே ஒரு முறை, குடிநீருக்கான கூட்டத்தில், ஒரு பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. அன்று மன்றத்தின் அச்சகக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "எதிர்த்தரப்பு வந்துடுச்சு, எல்லாரும் கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பூனை கடைசிச் சொல் எதுவும் சொல்லாமலேயே இறங்கிப் போயிற்று.

அந்த நாற்காலிக்கு வெள்ளை உறை தைத்துப் போட்டவள் கீழ்த் தெருவில் தையற்கடை வைத்திருந்தவள். தெரு முழுவதும் அவளைத் தையலக்கா என்றே அழைத்தது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் தையலக்காதான். பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே மன்றத்தின் பதாகைகளுக்கும் அவளுடைய இயந்திரம் ஓரம் அடித்துக் கொடுக்கும். அவற்றில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டுத்தான் அந்த உறையைத் தைத்திருந்தாள். உற்றுப் பார்த்தால் முதுகுப்புறத்தில் பழைய முழக்கம் ஒன்றின் வால் மங்கலாகத் தெரியும். அவள் மேடையேறிப் பேசியவள் அல்லள். ஆயினும் அந்த விதியை அவளைப்போல நம்பியவர் மன்றத்தில் வேறு எவரும் இல்லை. "எதிர்ல ஒக்கார எடம் குடுக்காம சண்ட போடுறது, அளவெடுக்காம துணி வெட்டுற மாதிரி" என்பாள்.

இனிச் சுவருக்கு வருவோம்.

கீழ்த் தெரு பள்ளத்தில் இருந்தது. மேல் தெரு மேட்டில் இருந்தது. இரண்டையும் ஒரு குறுகிய சந்து இணைத்தது. அதில் ஏறி மேல் தெருவைக் குறுக்கே கடந்தால் அரசு மருத்துவமனை. பிள்ளை பெறப் போனவர்களும், கை முறிந்தவர்களும், அதே மருத்துவமனையைக் கூட்டித் துடைக்கப் போனவர்களும் அந்தச் சந்தில்தான் ஏறினார்கள். ஒரு நாள் சந்தின் தலைமாட்டில் செங்கல் வந்து இறங்கியது. வாரம் முடிவதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழுந்தது. அதன் உச்சியில் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தார்கள். எதற்காகச் சுவர் என்று கேட்டபோது, மேல் தெருக் குடியிருப்போர் சங்கம் ஒரே சொல்லில் விடை கூறியது: அமைதி. கீழ்த் தெருக்காரர்கள் விடியற்காலையில் உரக்கப் பேசிக்கொண்டு வேலைக்குப் போகிறார்களாம். உறங்குகிறவர்களுக்கு இடைஞ்சலாம். ஒரு தெருவின் உறக்கத்துக்காக இன்னொரு தெருவின் கால்களை வெட்டிவிட்டு, வெட்டியதற்கு அமைதி என்று பெயரும் சூட்டினார்கள். உழைக்கிறவனின் நடைச்சத்தம் உண்டு கொழுத்தவனின் காதுக்கு எந்தக் காலத்தில்தான் இனித்தது?

சுவர் எழுந்த பின் மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் சரக்கு ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு, ரயில் பாதையின் கேட்டைக் கடந்து போக வேண்டும். சரக்கு வண்டி ஒன்று பெட்டி மாற்ற நின்றுவிட்டால், அது நகரும் வரை கேட்டும் நகராது. கேட்டின் முன் நிற்கிற நோயாளியும் நகர முடியாது.

தையலக்காவின் கணவர் பெயின்டர். வாலிபம் முழுவதையும் மற்றவர்களின் சுவர்களைத் தேய்த்தும் பூசியும் கழித்தவர். தேய்த்த தூசியும் தெளித்த வர்ணமும் அவருடைய நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டன. இப்போது கடையின் உள்ளறையில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார். மூச்சு முட்டினால் இழுக்கும் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனை. முன்பு அப்படி முட்டியபோதெல்லாம், தெருவில் இருப்பவர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்தில் ஏறிவிடுவார்கள். ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் மருத்துவமனை வந்துவிடும். அந்தச் சுவர் மற்றவர்களுக்குத் தொல்லை, அவருக்கோ உயிருக்கே ஆபத்து.

ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசிய பேச்சே வேறு.

"பூச்சப் பாத்தியா" என்றார், முதன்முதலாகச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று. "சொரசொரன்னு விட்டிருக்கானுங்க. நம்மளப் பிரிக்கணும்னாகூட ஒரு நல்ல ஆளப் புடிக்கத் தோணல."

"உங்களுக்கு எப்பவும் வெளையாட்டு" என்றாள் தையலக்கா.

"வெளையாட்டு இல்லம்மா. என்னக் கூப்புட்டிருந்தா போயிருப்பேன். உள்ள ஒரு ஓட்ட விட்டுப் பூசியிருப்பேன்."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மன்றம் வாளாவிருக்கவில்லை. சுவரை இடிக்கக் கோரி நகராட்சிக்கு மனுக் கொடுத்தது. கண்டனக் கூட்டத்துக்கு நாள் குறித்தது. அதற்கு முன் செயற்குழு அச்சகத்தின் மாடியில் கூடியது. கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் தரை மெல்ல அதிர்ந்தது.

"இந்தத் தடவ அந்த நாற்காலிய எடுத்து உள்ள போடுங்க" என்று தொடங்கினார் அச்சகக்காரர். மன்றத்தின் துண்டறிக்கைகளையெல்லாம் எழுதி அச்சிடுகிறவர் அவர். எழுத்திலும் நெருப்பு, பேச்சிலும் நெருப்பு.

"ஏன் தம்பி?" என்றார் தலைவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஊருக்கே வாத்தியார்.

"இதுவரைக்கும் வராதவங்களுக்கு எடம் போட்டோம், சரி. இந்த ஆளு வருவாரு ஐயா. வந்து ஒக்காருவாரு, இனிக்க இனிக்கப் பேசுவாரு. நாம வாயில வெரல வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

அவர் குறிப்பிட்டது மேல் தெருச் சங்கத்தின் தலைவரை. மருந்துக்கடை முதலாளி. தையலக்காவின் கணவருக்கு மூச்சு மருந்து அவருடைய கடையிலிருந்துதான் வந்தது.

"வரணும்னுதானேப்பா நாற்காலியே போட்டிருக்கோம்" என்றார் வாத்தியார்.

"வராத வரைக்கும்தான் ஐயா அந்த விதி அழகு."

வாத்தியார் தையலக்காவின் பக்கம் திரும்பினார். "சுவரு மொதல்ல உங்க தலையிலதான் விழுந்திருக்கு. நீங்க சொல்லுங்கம்மா."

தையலக்கா தயங்கவில்லை. "வரட்டும் ஐயா. மருந்து வாங்கப் போனா அவரு கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். அங்க வெச்சு எப்படிக் கேக்குறது? இங்க வந்து என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும், எதுக்குச் சுவருன்னு. நமக்கு வேணுங்கிறப்ப வெச்சுக்கிட்டு, வேணாங்கிறப்ப எடுத்து உள்ள போட, அது விதியா, குடையா?"

"அக்கா, அவரு உங்க மொகத்தப் பாத்துத்தான் பேசுவாரு" என்றார் அச்சகக்காரர். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

விதி நின்றது. துண்டறிக்கையின் அடியில் அழைப்பு வரியைச் சேர்த்து அச்சிட்டவரும் அந்த அச்சகக்காரரேதான்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். கீழ்த் தெரு முழுவதும் வந்திருந்தது. மேல் தெருவிலிருந்தும் சிலர் வந்து பின்வரிசையில் கைகட்டி நின்றார்கள். அச்சகக்காரர் பேசினார். சுவரின் ஒவ்வொரு கல்லையும் சொல்லால் பெயர்த்து எடுத்து மேடையில் அடுக்கினார். மக்கள் ஆர்ப்பரித்தார்கள். இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: எதிர்த்தரப்பு வரவில்லை என்று வாத்தியார் வழக்கம்போல் அறிவிக்க வேண்டும், சுவரை அகற்றும் தீர்மானத்தைப் படிக்க வேண்டும், கைகள் உயர வேண்டும். வாத்தியார் எழுந்தார். அப்போது மருந்துக்கடை முதலாளி படியேறி வந்தார்.

வெள்ளைச் சட்டை. வெறுங்கை. கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே நடந்தார். கீழ்த் தெருவில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும், ஆகையால் எல்லா முகமும் அவருக்குத் தெரிந்த முகமே. மேடையேறி, நாற்காலியின் உறையை ஒரு கணம் தடவிப் பார்த்துவிட்டு, அதில் அமர்ந்தார். இத்தனை ஆண்டுகளாக வாயளவில் அழைத்துக்கொண்டிருந்தவர்கள், அழைப்பு பலித்த அதிர்ச்சியில் விழித்தார்கள்.

"உறை யாரு தச்சது?" என்று கேட்டார் ஒலிபெருக்கியில். "நம்ம தையலக்காவா? நல்லா இருக்கும்மா. எனக்கு இப்படி ஒரு எடம் போட்டு வெச்சிருப்பீங்கன்னு நெனைக்கல. எங்க சங்கத்துல உங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடப் போட்டதில்ல. அதுக்கு மொதல்ல மன்னிச்சுக்குங்க."

முதல் கைதட்டல் அங்கே விழுந்தது.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரருக்கு எந்த மருந்து, எத்தன இழுப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். அவரோட மூச்ச அடைக்க நான் சுவரு கட்டுவேனா? எங்க பக்கத்துலயும் பயந்தவங்க இருக்காங்க, வயசானவங்க இருக்காங்க. ஒரு அவசரத்துல கட்டிட்டோம். சரி, இடிக்கணும்னு நீங்க சொல்றீங்க. கூடாதுன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. ரெண்டு பேருமே நம்ம ஜனங்கதான். நான் ஒண்ணு சொல்றேன். சுவருல ஒரு கதவு வெப்போம். செலவு எங்களோடது. அதுக்கு அமைதி வாயில்னு பேரு வெப்போம். கல்லுல உங்க மன்றத்தோட பேரையும் சேத்து வெட்டுவோம். தங்கச்சி, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா அந்தக் கதவு தொறக்கும். நான் சொல்றேன்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அவை பொய்க் கண்ணீர் என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிது. அப்படிச் சொல்லச் சான்று இல்லை. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பின்வரிசையும் தட்டியது, முன்வரிசையும் தட்டியது. தையலக்காவும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள்.

அச்சகக்காரர் துள்ளி எழுந்தார். "ஐயா, தீர்மானம்."

வாத்தியார் அவருடைய தோளில் கை வைத்து அழுத்தினார். "விதி, தம்பி. கடைசிச் சொல் சொல்லியாச்சு."

கூட்டம் கலைந்தது. தீர்மானம் படிக்கப்படாமலேயே வாத்தியாரின் சட்டைப்பைக்குத் திரும்பியது. மறுவாரம், இரு தரப்பும் இணங்கிவிட்டன என்று சொல்லி, நகராட்சியும் மனுவை மூடிவைத்தது. கோபத்தோடு திரண்ட ஒரு தெரு, நன்றியோடு வீடு திரும்பியது. எதிரியால் முடியாததை அவனுடைய கனிவு முடித்துக் கொடுத்தது. எத்தனை ஊர்களில், எத்தனை மேடைகளில் நடந்த கதை இது.

கதவு வைத்தார்கள். பச்சை வர்ணம் அடித்த கம்பிக் கதவு. திறப்பு விழாவில் வெள்ளை நாடா கட்டி, பலூன் பறக்கவிட்டார்கள். நாடாவைத் தைத்தவள் தையலக்கா. வெட்டியவர்கள் இருவர்: ஒரு பக்கம் வாத்தியார், மறு பக்கம் மருந்துக்கடை முதலாளி. கல்லில் மன்றத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது.

"பாருங்க, தொறந்துட்டாங்க" என்றாள் தையலக்கா வீட்டுக்கு வந்து.

"எந்தப் பக்கத்துல தாழ்ப்பாளு?" என்று கேட்டார் பெயின்டர்.

அவள் நாடாவின் மிச்சத்தைச் சுருட்டி இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தாள்.

தாழ்ப்பாள் மேல் தெருப் பக்கம் இருந்தது. காவலாளி ஒருவன் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். முதலில் பகல் முழுவதும் திறந்திருந்தது. பிறகு, குழந்தைகள் தூங்குகிற நேரம் என்று மதியத்தில் மூடினார்கள். பிறகு, பள்ளித் தேர்வுகள் நடக்கின்றன என்று மாலையிலும் மூடினார்கள். பிறகு, வேலைக்குப் போகிறவர்கள் தனித்தனியாக வரலாம், கூட்டமாக வரக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் வாத்தியாரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்; ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகவே இருந்தது. கூட்டுப் பொறுப்பு என்று சொன்னார்கள். கதவு ஒரு கூட்டு. பூட்டு மட்டும் தனிச்சொத்து.

அச்சகக்காரர் ஒரு நாள் வாத்தியாரிடம் வெடித்தார். "சுவரா இருந்தப்பவாவது சுவருன்னு சொன்னோம். இப்ப அதையும் சொல்ல முடியாம பண்ணிட்டாங்க."

"பேசிப் பாக்கலாம்ப்பா. பேசாம எதுவும் நடக்காது."

"பேசினதாலதான் ஐயா இவ்வளவும் நடந்துச்சு."

கதவு வைத்து ஓராண்டு நிறையப் போகிறது என்று சங்கமும் மன்றமும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தன. குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, தலைப்பு: அமைதி. அதற்காகக் கதவுக்குப் புது வர்ணம் அடித்தார்கள்.

அன்று மதியம் பெயின்டருக்கு மூச்சு முட்டியது. இழுப்பு மருந்து அடக்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. தையலக்கா இயந்திரத்தில் பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசினார்கள். சுற்றி வந்தால் ரயில் கேட்டில் மாட்டிக்கொள்வோம், மேல் தெருவில் கதவண்டை நிற்கிறோம், தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் ஓட்டுநர். சரியான யோசனைதான். பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்தில் ஏறினார்கள். அவள் முன்னே ஓடினாள்.

கதவு மூடியிருந்தது. அதன் மேல் ஓர் அட்டை தொங்கியது: ஈரம், தொடாதீர்கள். கம்பிகளுக்கு அப்பால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதன் பின்கதவு திறந்து, உள்ளே விரித்த வெள்ளைப் படுக்கை தெரிந்தது.

"கதவத் தொறப்பா" என்றாள் தையலக்கா.

காவலாளி எழுந்து நின்றான். "அக்கா, சாவி எங்கிட்ட இல்ல. பெயின்ட் காயற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாதுன்னு மொதலாளி வாங்கிட்டுப் போயிட்டாரு. கடையில இருப்பாரு. போன் பண்றேன்."

அவன் பண்ணினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடிப் போய்க் கூட்டி வருகிறேன் என்று ஓடினான். முதலாளி அன்று அமைதி நிகழ்ச்சிக்குப் பரிசுப் பொருள் வாங்க வெளியே போயிருந்தார். அவர் தீங்கு நினைத்தவர் அல்லர். அந்த நேரத்தில் அவர் குழந்தைகளுக்கு வண்ணப் பென்சில் வாங்கிக்கொண்டிருந்தார்.

தையலக்கா இரு கைகளாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு குலுங்கியது, வேறொன்றும் அசையவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் கம்பிகளுக்கு ஊடே கையை நீட்டி, ஆக்ஸிஜன் குழாயின் முகமூடியைக் கொடுக்க முயன்றார். குழாய் எட்டவில்லை.

பெயின்டர் நாற்காலியில் சரிந்தபடி கதவைப் பார்த்தார். பேச்சு விட்டு விட்டு வந்தது. "மொதல் பூச்சு... காயறதுக்குள்ள... ரெண்டாவத அடிச்சிருக்கான். இது... இப்போதைக்குக் காயாது."

"பேசாதீங்க. தயவு செஞ்சு பேசாதீங்க."

அவர் அதன் பிறகு பேசவில்லை.

ஆம்புலன்ஸ் சுற்றி வரப் புறப்பட்டது. இவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார்கள். ரயில் கேட்டின் ஒரு புறம் அது நின்றது, மறு புறம் இவர்கள் நின்றார்கள், நடுவில் சரக்கு வண்டி நின்றது. அது நகர்ந்தபோது அவசரத்துக்கு அவசியம் இருக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு செவிலியர் தையலக்காவின் கைகளைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். உள்ளங்கை இரண்டிலும் பச்சை வர்ணம் கம்பி கம்பியாக ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் பல நாள் நின்றது.

மன்றம் கூட்டம் போட்டது. இரங்கல் கூட்டம் என்பதா, கண்டனக் கூட்டம் என்பதா என்று செயற்குழு நெடுநேரம் விவாதித்து, இரங்கலும் சிந்தனையும் என்று துண்டறிக்கையில் போட்டது. மருந்துக்கடை முதலாளிக்கும் அழைப்பு இருந்தது. மனம் சரியில்லை, வர இயலவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவர் ஆள் அனுப்பியிருந்தார். ஓவியப் போட்டியையும் அவர்தான் தள்ளி வைக்கச் சொன்னாராம். எவ்வளவு பண்பு என்று பேசிக்கொண்டார்கள்.

மேடையில் கை வைத்த நாற்காலி வெள்ளை உறையோடு காலியாகக் கிடந்தது. தையலக்கா படியேறி வந்தாள். முன்வரிசையில் அவளுக்கென்று போட்டிருந்த இடத்தைத் தாண்டி, நேரே மேடையேறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் பதறிப் போய்க் குனிந்தார். "அம்மா, உங்களுக்குக் கீழ எடம் போட்டிருக்கோம். இது எதிர்த்தரப்புக்கு..."

"தெரியும் ஐயா. உறை தச்சவ நான்தானே."

"அதுக்கில்லம்மா, நீங்க நம்ம ஆளு."

"நான் இப்ப உங்க எதிர்த்தரப்புதான் ஐயா. அந்தக் கல்லுல உங்க பேரும் இருக்கு."

வாத்தியார் நிமிர்ந்தார். வேறு வழியின்றிக் கூட்டத்தைத் தொடங்கினார். பேசியவர்கள் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். பெயின்டரின் நகைச்சுவையை ஒருவர் நினைவுகூர்ந்தார். அமைதி வாயிலின் நேரத்தைப் பற்றி இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்றார் இன்னொருவர். அச்சகக்காரர் இரண்டு வாக்கியத்தோடு அமர்ந்துவிட்டார். இறுதியில் ஒலிபெருக்கி தையலக்காவின் கைக்கு வந்தது. அவள் முதல் முறையாக மேடையில் பேசினாள்.

"எனக்குப் பேச வராது. இந்த நாற்காலியில ஒக்காந்தவங்களுக்குத்தான் கடைசிச் சொல்லு. அன்னிக்கு இத எடுத்து உள்ள போடலாம்னு இந்தத் தம்பி சொன்னாரு. வேணாம்னு சொன்னவ நான். அதுக்கப்புறம் கையும் தட்டினேன். நான் யாரையும் குத்தம் சொல்ல வரல." பிறகு, துணிக்கு அளவு சொல்கிற குரலில், மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கதவு இப்பவும் பூட்டித்தான் இருக்கு. அத ஒடைக்க நான் போறேன். என்கூட யாரு வர்றீங்க?"

ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.

எவரும் விடை கூறவில்லை. கூற முடியாது; அது கடைசிச் சொல், அதற்கு மறுமொழி கிடையாது. கூட்டத்தின் கண்கள் ஒவ்வொன்றாகத் தரையை நாடின. எத்தனையோ ஆண்டுகளாக எதிரிக்காகக் காத்துவந்த விதி, அன்று எல்லோருக்கும் எவ்வளவு இதமான போர்வையாக இருந்தது. அச்சகக்காரர் பாதி எழுந்தார். மடக்கு நாற்காலி அவருடைய சட்டை முனையைக் கவ்விக்கொண்டது. குனிந்து விடுவித்தார், விடுவித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். வேறு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றபடியே சற்று நேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மடக்கினார். பக்கத்து நாற்காலியையும் மடக்கினார். கூட்டம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து அவருக்கு உதவினார்கள்.

தையலக்கா இறங்கி நடந்தாள். கீழ்த் தெருவில் வீடுகளுக்கு வெளியே நின்றவர்கள் வழிவிட்டார்கள். சந்தில் ஏறினாள். கதவுக்கு அப்பால் காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான்.

"அக்கா, நேரம் முடிஞ்சிடுச்சு அக்கா" என்றான். குரல் கெஞ்சியது. "எனக்கு வேலை போயிடும்."

அவள் கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் மேல் தெருவில் ஏறியது. ஏறிய வேகத்தில் அங்கே சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கை சோர்ந்த பின் விரல்களைப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வர்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது.